மெர்போக் ஆற்றங்கரை: கோலா மூடா மாவட்டத்தின் வரலாறும் வாழ்வும்

முன்னுரை

மலேசியத் தமிழர்க்குக் கடாரம் என்ற பெயர் பெருமிதம் தருவது. ஆயினும், அப்பெயரோடு இணைத்துப் பேசப்படும் நிலப்பகுதியின் வாழ்வு முழுமையாக அறியப்பட்டதாகக் கூற இயலாது. கெடா மாநிலத்தின் கோலா மூடா மாவட்டத்தில், மெர்போக், மூடா ஆறுகளின் கரைகளில் உருவான வரலாற்றையும் பொருளியலையும் பண்பாட்டையும் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறும் மலையும்

இப்பகுதியின் வரலாற்றுக்கு நிலவியலே அடிப்படையாகும். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குத் தொலைவிலேயே தென்பட்டுத் துறையைக் காட்டியது. பருவக்காற்று மாறும்வரை தங்க வேண்டியிருந்த வணிகர்களுக்கு அமைதியான ஆற்று முகமும் நன்னீரும் மரமும் இங்குக் கிடைத்தன. பூஜாங் பள்ளத்தாக்கு வணிக மையமாக வளர்ந்தமைக்கு இவையே காரணங்கள் எனலாம்.

சான்றுகள் கூறுவன

மாலுமித் தலைவன் புத்தகுப்தனைக் குறிப்பிடும் கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வடமொழிக் கல்வெட்டை 1834இல் ஜேம்ஸ் லோ என்பார் மூடா ஆற்றுக்குத் தெற்கேயுள்ள செபராங் பிறையில் கண்டெடுத்தார். புக்கிட் பத்து பகாட் எனுமிடத்துச் சிவன் கோயிலைக் குவாரிட்ச் வேல்ஸ் 1936ஆம் ஆண்டு வாக்கில் அகழ்ந்தார். 1960ஆம் ஆண்டளவில் அலஸ்டர் லேம்ப் அதனை மீட்டமைத்தார். பங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான்களும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் கிடைத்துள்ளன.

தமிழ்ச் சான்றுகளும் இவற்றோடு பொருந்துகின்றன. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் எனும் ஊர் வழங்கப்பட்டதைப் பெரிய லெய்டன் செப்பேடு காட்டுகிறது. 1025இல் நிகழ்ந்த முதலாம் இராசேந்திரனின் படையெடுப்பைப் பலரும் அறிவர். எனினும், போருக்கு முன்னரே கொடுக்கலும் வாங்கலுமாக ஓர் உறவு இருந்தது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் நிகழ்த்திய அகழாய்வு இவ்வரலாற்றுக்குப் புதிய பரிமாணம் சேர்த்தது. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் எண்ணற்ற துருத்திக் குழாய்களும் ஆற்றுத்துறைக் கட்டடங்களும் அங்கு வெளிப்பட்டன. ஆகவே, இப்பகுதி அயலவர் வந்து தங்கிய இடம் மட்டுமன்று. தானே பொருளை ஆக்கி விற்ற உழைப்பாளர்களின் மண்ணுமாகும். புக்கிட் பத்து பகாட் கோயிலும் இதனையே உணர்த்துகிறது. அதன் விமானமும் மண்டபமும் இந்திய மரபை நினைவூட்டுகின்றன. எஞ்சியுள்ள தூண்பீடங்களைக் கொண்டு, மேற்கூரை மரத்தாலானதாக இருந்திருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுவர். வந்த சமயத்தை இம்மண்ணின் கைவினை ஏற்றுத் தனதாக்கிக்கொண்டது எனலாம்.

தோட்டமும் துறையும்

1909இல் ஆங்கில-சயாமிய உடன்படிக்கையால் கெடா பிரித்தானியரின் செல்வாக்கின் கீழ் வந்தது. அதனையடுத்து இரப்பர்த் தோட்டங்கள் விரிவடைந்தன. சுங்கைப் பட்டாணி நகராக வளர்ந்தது. கங்காணி முறையின்வழி வந்த தமிழர்கள் காடழித்துப் பால்மரம் நட்டனர். அவர்களுடைய கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பெரும்பாலும் தோட்ட உரிமையாளரின் நிலத்திலேயே எழுந்தன. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது, நிலவுரிமை இல்லாத அவ்விடங்கள் ஆதரவற்றுப் போயின.

ஆற்று முகத்தில் வேறொரு வாழ்வு தொடர்கிறது. தஞ்சோங் டாவாயில் மலாய் மீனவர்கள் கருவாடும் நெத்தலியும் உலர்த்துகின்றனர். மெர்போக்கின் சதுப்புநிலக் காடுகள் இறாலுக்கும் மீனுக்கும் வளர்ப்பிடமாக விளங்குகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடாவைத் தாக்கியபின், கரையோரக் காடுகளின் காப்புத்திறன் பற்றிய விழிப்புணர்வு பெருகியது.

முடிவுரை

2013இல், பட்டியலிடப்படாத தனியார் நிலத்தில் இருந்த பதினோராம் எண் சண்டி வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்டது. நூற்றாண்டுகளைக் கடந்து நின்ற கட்டுமானம் இயந்திரத்தின்முன் நிற்கவில்லை. நம் சமுதாயம் இதற்காக வருந்தியது இயல்பே. ஆயினும், சண்டிக்கு நேர்ந்ததும் தோட்டக் கோயிலுக்கு நேர்ந்ததும் அடிப்படையில் ஒன்றே: இரண்டும் பதிவு பெறாத மரபுகள், இரண்டும் பிறர் நிலத்தில் நின்றவை. சோழர் வெற்றியை மட்டும் கொண்டாடுவோமாயின், இரும்பு உருக்கியவரையும் பால்மரம் சீவியவரையும் ஒருசேர மறந்தவராவோம். கடாரத்தை உரிமை கொண்டாடுவதைவிட அதனை ஆவணப்படுத்துவதே இன்றைய கடமையாகும். தோட்டத்து முதியோரின் நினைவுகளையும் பள்ளிப் பதிவேடுகளையும் கோயில் கணக்கேடுகளையும் திரட்டும் பணியை நம் மாணவர்கள் இப்பொழுதே மேற்கொள்ளலாம். சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.