20 டிகிரிக்கே மஃப்ளரா? திருச்சி மார்கழிக் குளிர், லண்டன் ஸ்னோ... உண்மையான குளிர் எப்போது?

"ஏம்மா, 20 டிகிரிக்கு மஃப்ளரா? இங்க வெளியில 2 டிகிரி!" என்று லண்டனில் இருந்து வீடியோ காலில் மகன் சிரிக்கிறார்.

"உனக்கென்னப்பா, வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடுது. இங்க வந்து விடியக்காலை நாலு மணிக்குத் தலைக்கு ஊத்திக்கிட்டு கோயில் வரிசையில நின்னு பாரு" என்று ஸ்ரீரங்கத்தில் இருந்து அம்மா திருப்பிக் கொடுக்கிறார்.

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் பல வீடுகளில் டிசம்பர், ஜனவரி வந்தால் இப்படி ஒரு பேச்சு ஓடும். இதில் யார் சொல்வது சரி? இருவருமே சரிதான். ஆனால் இருவரும் ஒரு விஷயத்தைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அது என்ன? பார்க்கலாம்.

'பனி'ன்னா எந்தப் பனி?

முதல் குழப்பமே இந்தச் சொல்லில்தான். புல் மேல் நிற்கும் துளியும் பனி, ரோட்டை மறைக்கும் புகை மாதிரியான மூட்டமும் பனி, லண்டனில் விழும் வெள்ளைப் பஞ்சும் பனி. நமக்கு எல்லாமே பனிதான்.

பிரித்துச் சொன்னால் இப்படி வரும். குளிர்ந்த இலையிலும் பைக் சீட்டிலும் ஈரம் படிந்தால் பனித்துளி. காற்றில் நுண்ணிய நீர்த்துளிகள் மிதந்து, 1 கி.மீ.க்கு அப்பால் எதுவும் தெரியாமல் போனால் மூடுபனி. தரை 0 டிகிரிக்குக் கீழே போய் ஈரம் அப்படியே உறைந்தால் உறைபனி. ஊட்டி, கொடைக்கானல் புல்வெளிகளில் டிசம்பர், ஜனவரியில் பார்க்கிறோமே, அது. மேகத்திலேயே படிகமாகி, உருகாமல் தரை வரை வந்தால்தான் பனிப்பொழிவு, அதாவது ஸ்னோ.

இதில் ஒரு சுவாரசியம். திருச்சிக்கு மேலேயும் பனிப் படிகங்கள் இருக்கின்றன! நம் ஊர் போன்ற வெப்ப மண்டலப் பகுதியில் சுமார் 5 கி.மீ. உயரத்துக்கு மேல் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போய்விடும். இடி மழை மேகங்களின் உச்சியில் உருவாகும் பனிப் படிகங்கள் கீழே இறங்கும்போது உருகி, மழையாக நம் தலையில் விழுகின்றன. சில நேரம் உருகாமல் வந்தால் ஆலங்கட்டி மழை.

திருச்சியில் உண்மையில் எவ்வளவு குளிரும்?

ஜனவரி மாத அதிகாலைகளில் திருச்சியின் வெப்பநிலை சராசரியாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். லண்டனில் அதே ஜனவரியில் இரவில் 2, 3 டிகிரி, பகலிலேயே 8 டிகிரி அளவுதான்.

திருச்சியில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. பதிவான நாள் 1884 பிப்ரவரி 6. இந்தத் தேதியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்குப்படி, சமவெளியில் 'குளிர் அலை' என்று அறிவிக்க வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே போக வேண்டும். அதாவது, திருச்சியின் சாதனைக் குளிர்கூட அந்த எல்லையைத் தொடவில்லை.

அப்புறம் ஏன் நமக்கு இவ்வளவு குளிருது?

காரணம் 1: உடம்பின் பழக்கம். ஆண்டின் பெரும்பகுதி 30 டிகிரிக்கு மேலான பகல்களில் வாழும் உடம்பு, வெப்பத்தை வெளியேற்றப் பழகியது. திடீரென 20 டிகிரிக்கு வரும்போது அது பெரிய இறக்கம்.

காரணம் 2: வீடு. பிரிட்டனில் வீடுகள் வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கக் கட்டப்படுகின்றன. இரட்டைக் கண்ணாடி ஜன்னல், ஹீட்டர், தரைக்குக் கம்பளம். நம் ஊர் வீடுகள் வெப்பத்தை வெளியே அனுப்பக் கட்டப்பட்டவை. ஜன்னல், வெண்டிலேட்டர், மொசைக் தரை, முற்றம். லண்டன்காரர் 2 டிகிரியைக் கடந்து போகிறார், அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்துக்காரர் 20 டிகிரியிலேயே தூங்கி, குளித்து, கோலம் போடுகிறார்.

காரணம் 3: ஈரமும் காற்றும். ஈரத் தலையோடு வெளியே நிற்கும்போது நீர் ஆவியாகி உடம்பின் சூட்டை எடுத்துக்கொள்ளும். பைக்கில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது முகத்தில் அறையும் காற்றும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அதனால், 'வெறும் 20 டிகிரிதானே' என்ற கேலி பாதிதான் சரி. பதிலுக்கு, லண்டன் சொந்தக்காரர்களின் புலம்பலிலும் நியாயம் இருக்கிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டி அங்கே பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. காலை 8 மணிக்கு விடிந்து மாலை 4 மணிக்குள் இருட்டிவிடும். திருச்சியில் அன்றைக்கும் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம் வெயில் உண்டு.

அதிகாலை மூட்டம் எப்படி உருவாகுது?

பகலில் சூடான தரை, இரவில் அந்தச் சூட்டை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி சூட்டைத் தடுக்கும். மேகம் இல்லாமல், காற்றும் அசையாமல் இருந்தால் தரை வேகமாகக் குளிரும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் துளிகளாக மாறும். அதனால்தான் மிகக் குறைந்த வெப்பநிலை நள்ளிரவில் வருவதில்லை, சூரிய உதயத்தை ஒட்டி வருகிறது.

ஸ்ரீரங்கத்துக்கு இதில் கூடுதல் காரணமும் உண்டு. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம் என ஆற்றுக்கு நடுவே இருக்கும் தீவு இது. வழக்கமாக மேட்டூர் அணை பாசனத்துக்காக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறக்கப்படும். எனவே மார்கழியில் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் இருக்கும், லால்குடி பக்க வயல்களில் சம்பா நிற்கும். காற்றுக்கு ஈரம் அங்கிருந்து கிடைக்கிறது. விடியற்காலையில் ஆற்றின் மேல் ஆவி பறப்பதைப் பார்த்திருப்பீங்க. காற்றைவிடத் தண்ணீர் சூடாக இருப்பதன் அடையாளம் அது.

மார்கழியா, தையா... எது அதிகக் குளிர்?

இங்கேதான் பலரும் தவறுவது. 'மார்கழிக் குளிர்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக விலகியிருக்காது. மேகமும் ஈரமும் இருப்பதால் பல இரவுகள் அவ்வளவாகக் குளிராது. பருவமழை விலகி, வானம் தெளிந்து, காற்று வறண்ட பிறகுதான் பகலுக்கும் அதிகாலைக்கும் இடையே பெரிய வித்தியாசம் வரும். பகலில் வெயில் சுடும், விடியலில் போர்வை தேடுவோம்.

மேலே சொன்ன 1884 பிப்ரவரி 6-ஐப் பாருங்க. அது மார்கழி இல்லை, தை மாதக் கடைசி. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

அப்படியானால் மார்கழிக்கு ஏன் அந்தப் பெயர்? குளிர் கூடியதைவிட, நாம் அந்தக் குளிருக்குள் எழுந்து போவதுதான் காரணம். வாசல் கோலம், திருப்பாவை, வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் என ஆண்டிலேயே அதிகம் பேர் விடிவதற்கு முன் வெளியே நிற்கும் மாதம் அது.

லண்டனிலும் இதே கதைதான்

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைப் பார்த்தால் பிரிட்டனில் டிசம்பர் 25 அன்று ஊரே வெள்ளையாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்நாட்டு வானிலை மையத்தின் சராசரிக் கணக்கு வேறு. பனி விழும் நாட்கள் டிசம்பரில் 3.9, ஜனவரியில் 5.3, பிப்ரவரியில் 5.6, மார்ச்சில் 4.2. அதாவது டிசம்பரைவிட மார்ச்சில்கூட அதிகம்!

'வெள்ளைக் கிறிஸ்துமஸ்' என்று பதிவு செய்ய, அந்த 24 மணி நேரத்தில் ஒரே ஒரு பனித் துகள் விழுந்தாலே போதும். 2010-ல் 83 சதவீத வானிலை நிலையங்களில் தரையில் பனி கிடந்தது. அதெல்லாம் அபூர்வம். அங்குள்ள முதியவர்கள் இன்றும் பேசும் 1962-63 குளிர்காலத்திலும், லண்டனில் பெரும் பனி விழத் தொடங்கியது கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான். அது மார்ச் தொடக்கம் வரை நீடித்தது.

ஆக, அம்மாவும் மகனும் செய்யும் தவறு ஒன்றுதான். இருவரும் குளிரைப் பண்டிகையோடு சேர்த்து ஞாபகம் வைத்திருக்கிறார்கள். உச்சக் குளிர் பண்டிகை முடிந்த பிறகுதான் வருகிறது.

'முன்ன மாதிரி குளிர் இல்லை' - உண்மையா?

பாதி உண்மை. உலக அளவில் வெப்பநிலை உயர்ந்து வருகிறது. நகரங்களில் கான்கிரீட்டும் தாரும் பகல் சூட்டை இரவிலும் விடுவதால் இரவுகள் முன்பு போல் குளிர்வதில்லை. பிரிட்டனிலும் வெள்ளைக் கிறிஸ்துமஸுக்கான வாய்ப்பு குறைந்துவிட்டதாக அந்நாட்டு வானிலை மையம் சொல்கிறது.

மீதிப் பாதி, நாம் மாறியது. திண்ணையிலும் மொட்டை மாடியிலும் படுத்தவர்கள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம். ஏழு மணிக்கு எழுந்தால் குளிர் எங்கே தெரியும்?

"அப்பல்லாம் கிணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்" என்பதும் கற்பனை இல்லை. நிலத்தடி நீர் ஏறக்குறைய ஊரின் ஆண்டு சராசரி வெப்பநிலையிலேயே இருக்கும். 20 டிகிரி காற்றில் நிற்பவருக்கு அது இதமான வெந்நீர். இப்போது குளிப்பது மாடி டேங்க் தண்ணீரில். இரவு முழுக்க வெளியில் நின்று ஆறிய தண்ணீர் அது. அதான் சில்லுன்னு ஏறுது.

என்ன கவனிக்கணும்?

* குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் கூடும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் அதிகாலையில் வெந்நீரில் குளித்து, தலையை நன்றாகத் துவட்டிவிட்டு வெளியே போவது நல்லது.

* ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையில் வைத்திருங்கள். அதிகாலையில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே எழாது, புகையும் அங்கேயே தங்கிவிடும். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே தடுமாறின. டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம்.

* மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்யும். லோ பீம் போதும். வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விடுங்கள். எதுவுமே தெரியவில்லை என்றால் சாலையிலேயே நிறுத்தாமல், நன்றாக ஓரங்கட்டுங்கள்.

* முக்கியமாக, பொங்கல் முடிந்ததும் ஸ்வெட்டரை மூட்டை கட்டி பீரோவில் வைக்க வேண்டாம். தையும் மாசியும் இன்னும் பாக்கி இருக்கு.

அடுத்த முறை லண்டனில் இருந்து "20 டிகிரிக்கு மஃப்ளரா?" என்று கேட்டால், அம்மா கையில் பதில் தயாராக இருக்கிறது: "உங்க ஊர் ஸ்னோவும் எங்க ஊர்ப் பனி மாதிரிதான்ப்பா, பண்டிகை முடிஞ்சுதான் வரும். நீயும் ஸ்கார்ஃபை உள்ள வச்சுடாதே!"