விசில் ஊதியாயிற்று, பந்தை எங்கே வைப்பது?

ஹட்டனுக்குப் பக்கத்தில், டிக்கோயா தரவளை மைதானத்தில் ஒரு றக்பி ஆட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். தன் பக்கத்து 22 மீற்றர் கோட்டருகே நிற்கும் வீரர் பந்தை உயர உதைக்கிறார். பந்து காலை விட்டுப் போன பிறகு, ஓடிவந்த எதிரணிக்காரர் வேண்டுமென்றே அவரை இடித்துத் தள்ளுகிறார். பந்தோ 40 மீற்றர் தள்ளி, பக்கக் கோட்டிலிருந்து ஆறு மீற்றர் உள்ளே விழுகிறது. குற்றம் எது, செய்தவர் யார் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. பெனால்டியை எங்கிருந்து எடுப்பது?

பாதிக்கப்பட்ட அணிக்கு விதி மூன்று வழிகளைத் தருகிறது. வீரர் இடிபட்ட இடம், பந்து விழுந்த இடம், அல்லது அதற்குப் பிறகு பந்து முதலில் ஆடப்பட்ட இடம். பந்து விழுந்த இடத்தை அணித் தலைவர் கேட்டால் கதை அதோடு முடிவதில்லை. பக்கக் கோட்டுக்கு 15 மீற்றருக்குள் பந்து விழுந்திருப்பதால், அடையாளத்தை நேர் உள்ளே 15 மீற்றர் கோட்டுக்கு நகர்த்த வேண்டும். பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி விழுந்திருந்தால், அந்தக் கோட்டிலிருந்து ஐந்து மீற்றர் முன்னால் வைக்க வேண்டும். கம்பத்தில் பட்டுத் திரும்பினால் அது தரையில் விழுந்த இடமே கணக்கு. இத்தனையையும் மத்தியஸ்தர் சில நொடிகளில், மூச்சிரைக்க ஓடிக்கொண்டே, மனதுக்குள் போட்டுப் பார்க்க வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போதும் இதே சங்கடந்தான். எடை குறைந்திருப்பதைத் தராசு காட்டிவிடும். முழுநாள் கூலிக்கான முழுப்பேரா, அரைநாள் கூலிக்கான அரைப்பேரா என்று எழுதும்போதுதான் வாக்குவாதம் கிளம்பும்.

இலங்கையில் றக்பி 1879இல் கொழும்பில் தொடங்கியது. 1908இல் இலங்கை றக்பி ஒன்றியம் உருவானது. மலையகத்துக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள். டிக்கோயா–மஸ்கெலியாக் கழகத்தின் தரவளை, திம்புள்ளக் கழகத்தின் ரதெல்ல ஆகிய மைதானங்கள் தேயிலை மலைகளுக்கு நடுவே அவர்கள் அமைத்தவை. ஆளுநர் கிளிபர்டின் மனைவி 1926இல் வழங்கிய கிளிபர்ட் கிண்ணத்துக்காகத் தோட்டக் கழகங்களும் கொழும்புக் கழகங்களோடு மோதின. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார்கள் கப்பலேறினார்கள், மலைநாட்டு றக்பியின் மையம் கண்டிக்கு நகர்ந்தது.

அதே ஆங்கிலேய றக்பி அமெரிக்காவுக்குப் போய், வேறொரு ஆட்டமாக வளர்ந்தது. அதுதான் அமெரிக்கக் கால்பந்தாட்டம். அந்த ஆட்டத்துக்காக 2012இல் நடந்த இந்திய எலீட் லீக்கின் முதல் பருவத்தில் ‘கொழும்பு லயன்ஸ்’ என்ற பெயரில் ஓர் இலங்கை அணியும் இருந்தது. பெனால்டியை எங்கிருந்து அளப்பது என்ற கேள்வியை அமெரிக்கர்கள் ஒரு தனிக் கணக்குப் பாடமாகவே ஆக்கிவிட்டார்கள்.

பந்து 30ஆம் யார்ட் கோட்டில் இருக்கிறது. தாக்கும் அணி வீரர் அதைத் தூக்கிக்கொண்டு 42 வரை ஓடி விழுகிறார். இடையில் 33ஆம் கோட்டில், அவருடைய தோழர் ஒருவர் எதிராளியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். தண்டனை 10 யார்ட். அதை 42இலிருந்து கழித்தால் பந்து 32இல் நிற்கும். தவறு செய்த அணி இரண்டு யார்ட் முன்னேறியிருக்கும். அதனால் குற்றம் நடந்த 33இலிருந்து கழிக்கிறார்கள், பந்து 23க்குப் போகிறது. அதே ஓட்டத்தில் தடுக்கும் அணி வீரர் ஓடுபவரின் தலைக்கவசக் கம்பியைப் பிடித்து இழுத்திருந்தால் 15 யார்ட் தண்டனை. அது ஓட்டம் முடிந்த 42இலிருந்து கூட்டப்படும்.

நடுவர்கள் இதை ‘மூன்றும் ஒன்றும்’ என்று மனதில் வைத்திருப்பார்கள். குற்றம் செய்தது தாக்கும் அணியா, தடுக்கும் அணியா, நடந்தது ஓட்டம் முடிந்த இடத்துக்கு முன்னாலா, பின்னாலா என்று பார்த்தால் நான்கு சாத்தியங்கள். மூன்றில் ஓட்டம் முடிந்த இடத்திலிருந்து அளப்பார்கள். தாக்கும் அணி பின்னால் செய்த குற்றத்துக்கு மட்டும் அந்தக் குற்றம் நடந்த இடம். இதற்கும் விதிவிலக்குகள் உண்டு. கோல் கோடு அருகில் இருந்தால் பெரும்பாலான தண்டனைகளில் மிச்சமிருக்கும் தூரத்தின் பாதிக்கு மேல் எடுக்க முடியாது.

இரண்டு அணியும் தவறு செய்தால்? அமெரிக்க ஆட்டத்தில் பொதுவாக ஒன்றை ஒன்று ஈடுசெய்து, அந்த ஆட்டக்கட்டத்தைத் திரும்ப ஆடச் சொல்வார்கள். றக்பியில் அப்படியில்லை. ஓர் அணியின் தவறுக்காக மத்தியஸ்தர் கையை நீட்டி அனுகூலம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மறு அணியும் தவறினால், முதல் தவறுக்கே தண்டனை. இரண்டில் ஒன்று முரட்டு ஆட்டம் என்றால் அதுதான் முந்தும்.

டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பந்து சோப்புப் போல வழுக்கும். அப்போது மத்தியஸ்தருக்குத் தலைவலி தருவது ‘நொக்-ஒன்’. பந்து கைதவறி முன்னால் விழுந்தால் எதிரணிக்கு ஸ்க்ரம் மட்டுமே. தவறவிட்டவருக்கு முன்னால் நிற்கும் தோழர் அந்தப் பந்தை எடுத்து ஆடி எதிரணியின் வாய்ப்பைக் கெடுத்தால், அது ஓப்சைட், பெனால்டி. ஆனால் இடையில் எதிரணிக்காரர் ஒருவர் வேண்டுமென்றே பந்தைத் தொட்டிருந்தால், அந்த ஓப்சைட் கழன்றுவிடும்.

இந்த இழையில்தான் ஓர் உலகக் கிண்ணக் காலிறுதியே தொங்கியது. 2015 ஒக்டோபர் 18, லண்டன் டுவிக்கனம். கடைசி நிமிடங்களில் ஸ்கொட்லாந்து 34–32 என்று முன்னிலை. மழையில் நழுவிய பந்து முன்னால் போக, அதை எடுத்த ஸ்கொட்லாந்து வீரர் ஜோன் வெல்ஷ் ஓப்சைட் என்று மத்தியஸ்தர் கிரெய்க் ஜூபேர் பெனால்டி கொடுத்தார். பெர்னார்ட் ஃபோலி உதைத்தார். அவுஸ்திரேலியா 35–34 என்று வென்றது. பந்து வெல்ஷின் கைக்கு வருமுன் அவுஸ்திரேலியர் நிக் ஃபிப்ஸ் அதைத் தொட்டிருந்தார் என்றும், ஸ்க்ரம்தான் சரியான தீர்ப்பு என்றும் உலக றக்பி அமைப்பு மறுநாள் அறிவித்தது. அத்தகைய முடிவுக்குக் காணொளி மத்தியஸ்தரின் உதவியைக் கேட்க அன்றைய நடைமுறை ஜூபேரை அனுமதிக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து இதன் மறுபக்கம் நடந்தது. 2017 ஜூலை 8, ஒக்லாந்து. நியூசிலாந்துக்கும் பிரித்தானிய–ஐரிஷ் லயன்ஸுக்கும் இடையிலான மூன்றாவது டெஸ்ட், 15–15 என்று சமநிலையில் இறுதி நிமிடங்களை எட்டியிருந்தது. லயன்ஸ் வீரர் கென் ஓவன்ஸ் ஓப்சைட் நிலையில் பந்தைப் பிடித்து, சட்டென்று கைவிட்டார். மத்தியஸ்தர் ரொமேன் புவாத் முதலில் நியூசிலாந்துக்குப் பெனால்டி என்றார். காணொளியைப் பார்த்து, உதவியாளர்களிடம் பேசிய பின், ‘தற்செயலான ஓப்சைட்’ என்று ஸ்க்ரமாக மாற்றினார். ஆட்டமும் அந்தத் தொடரும் சமநிலையில் முடிந்தன. ஓவன்ஸ் பந்தைத் தொட்டது தற்செயலா, இல்லையா என்று நியூசிலாந்து ரசிகர்கள் இன்றும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.