மேசைக் கணினியும் அதன் உறுப்புக்களின் இயைபும்

மேசைக் கணினி என்பது ஒரு தனிப்பொருளன்று. பல பொருள்களின் கூட்டு. 1981 ஆம் ஆண்டில் ஐ.பீ.எம். நிறுவனத்தார் வெளியிட்ட தனியாள் கணினி, பிறர் செய்த உறுப்புக்களையும் ஏற்கும் திறந்த அமைப்புடையதாய் இருந்தது. அதன் வழிவந்த கணினிகளை வாங்குவோர் தாமே உறுப்புறுப்பாகத் தெரிந்து கூட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. வாய்ப்போடு இடரும் உடன்வந்தது. ஒவ்வோர் உறுப்பும் தன்னளவிற் சிறந்ததாயிருந்தும், கூட்டியபின் கணினி மந்தமாய் இயங்குதல் பலர் கண்டதொன்று. பிள்ளையின் படிப்புக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இவ்வாறு வீணாதல் எளிதிற் பொறுக்கத்தக்கதன்று.

இதன் காரணத்தை விளக்குதற்கு 1967 இல் ஜீன் அம்டால் என்னும் பொறியியலறிஞர் வெளியிட்ட கருத்து துணைசெய்யும். ஒரு பணி முடிய 10 நிமிடம் செல்கின்றது எனவும், அதில் 4 நிமிடமே வரைவியற் கணிப்பிற் கழிகின்றது எனவும் கொள்க. அக்கணிப்பை இருமடங்கு விரைவாக்கும் அட்டையை வாங்கினால் மீதமாவது 2 நிமிடம். எல்லையற்ற விரைவுடைய அட்டை ஒன்று கிடைப்பினும் எஞ்சிய 6 நிமிடம் குறையாது. கிணற்றில் வலிய இயந்திரம் பூட்டி நீரிறைக்கும் கமக்காரன், வாய்க்காலை ஒடுக்கமாக விட்டானாயின் கடைப்பாத்திக்கு நீர் விரைந்து செல்லுமோ? கணினியிலும் வினவவேண்டியது, எவ்வுறுப்பு உயர்ந்தது என்பதன்று. கருதிய பணியில் எவ்வுறுப்பு ஏனையவற்றைக் காக்கவைக்கும் என்பதேயாம்.

ஆதலின் பணி யாது என்பதே முதற்கண் துணியப்படல் வேண்டும். கட்டுரை எழுதல், கணக்கு வைத்தல், பாடங் கேட்டல் என்பவற்றுக்குத் தனி வரைவியல் அட்டை வேண்டியதே இல்லை. செயலியின் உள்ளேயே வரைவியற் பகுதி அமைந்த வகைகள் பல உள. 2021 இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜீ அத்தகையது. ஈண்டு ஒரு சிற்றெழுத்து பெருந்தொல்லை விளைத்தல் உண்டு. இன்ரெல் நிறுவனத்தின் 12400 என்னுஞ் செயலியில் வரைவியற் பகுதி உண்டு. 12400எவ் என்பதில் அஃது இயங்காது. விலை குறைவெனப் பின்னதை வாங்கி, அட்டை வாங்காது விட்டோர் கணினியை ஏற்றியபோது கண்டது இருண்ட திரையே. அட்டையை வாங்கிய பின்னரும், திரையின் வடத்தை அட்டையிற் செருகாது தாய்ப்பலகையிற் செருகி, வாங்கிய அட்டையை வாளா கிடக்கவிடுவோரும் உளர்.

இனி, கடைக்காரர் கிராபிக்ஸ் காட் என வழங்கும் வரைவியல் அட்டை செய்வது யாது? 1920 நிரலும் 1080 நிரையும் உடைய திரையில் 20,73,600 புள்ளிகள் உள. செக்கனுக்கு 60 முறை படம் மாறுமாயின், 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை ஒவ்வொரு செக்கனிலும் கணித்தல் வேண்டும். பொதுச் செயலியில் வலிய கருக்கள் சிலவே உண்டு. வரைவியற் செயலியிலோ எளிய கருக்கள் நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் அமைந்து ஒரே வேலையை ஒருங்கே செய்யும். இத்துணைக் கருக்களும் ஓயாது இயங்கவேண்டின் அவற்றுக்குத் தரவு இடையறாது வந்துகொண்டிருத்தல் வேண்டும். அட்டைமேல் உள்ள நினைவகத்தின் கொள்ளளவைப் போலவே, அதிலிருந்து செக்கனுக்கு எவ்வளவு தரவு பாயும் என்பதும் முதன்மையானது. விளம்பரங்கள் முன்னதைப் பெரிய எழுத்தில் அச்சிடும். பின்னதைத் தேடித்தான் காணவேண்டும்.

இதற்கு என்விடியாவின் ஜீ.ரீ. 1030 தக்கதோர் எடுத்துக்காட்டு. 2017 இல் வந்த அவ்வட்டை ஜீ.டீ.டீ.ஆர். 5 வகை நினைவகமுடையது. செக்கனுக்கு 48 கிகாபைற்றுத் தரவு பாய்ந்தது. 2018 இல் அதே பெயருடன் வேறோர் அட்டை வந்தது. கொள்ளளவும் அதே 2 கிகாபைற்று; ஆயின் நினைவகம் டீ.டீ.ஆர். 4 வகையினதாதலின் பாய்வு 16.8 கிகாபைற்றாகச் சுருங்கிற்று. பெயரையும் கொள்ளளவையும் மட்டும் நோக்கி வாங்கினோர், விளையாட்டுக்களிலே பெரிதும் பின்தங்கிய பொருளையே பெற்றனர். மலிவான அட்டையை நாடுவோரே இவ்வாறு மயங்க நேர்ந்தமை வருந்தத்தக்கது.

கொள்ளளவு வேண்டாவெனக் கருதற்க. திரையின் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 83 இலட்சம் பைற்றுப் போதும்; இடத்தை விழுங்குவன பரப்புக்களின்மேற் போர்க்கப்படும் உருப்படங்களே. 4096 புள்ளி அகலமும் அவ்வளவு உயரமுமுடைய உருப்படம் ஒன்று, சுருக்கப்படாத நிலையில் 6 கோடியே 71 இலட்சம் பைற்றைக் கொள்ளும். செயற்கை நுண்ணறிவு கற்கும் மாணவருக்கு இக்கணக்கு இன்னும் இன்றியமையாதது. 700 கோடி எண்களால் ஆய மாதிரி ஒன்றை, எண்ணுக்கு 2 பைற்றாக வைப்பின், 14 கிகாபைற்று இடம் வேண்டும். 2020 இன் இறுதியில் வந்த ஆர்.ரீ.எக்ஸ். 3060 ரீ.ஐ. விரைவுமிக்கது, அதில் நினைவகம் 8 கிகாபைற்று. 2021 இல் விலை குறைவாய் வந்த 3060 அட்டையில் 12 கிகாபைற்று. விளையாடுவோனுக்கு முன்னது நன்று. 10 கிகாபைற்று வேண்டும் ஆய்வு செய்வோனுக்குப் பின்னதே நன்று. இவற்றுள் எது சிறந்தது எனக் கடையில் வினவின், பணியைக் கேளாது விடைசொல்பவர் விற்பனையையே கருதுபவர்.

அட்டையின் நினைவகம் நிறைந்துவிடின் எஞ்சிய தரவு தாய்ப்பலகையின் பீ.சீ.ஐ. எக்ஸ்பிறஸ் வழியாகப் போக்குவரத்துச் செய்யும். அவ்வழியின் அகலமும் அப்போது விரைவை வரையறுக்கும். 2022 இல் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரீ. அட்டையில் 4 கிகாபைற்று நினைவகமும், பதினாறுக்குப் பதில் நான்கு பாதைகளுமே இருந்தன. நான்காந் தலைமுறைப் பலகையில் ஒருதிசையிற் செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிகாபைற்றுச் செல்லும். மூன்றாந் தலைமுறைப் பலகையிற் பாதியே. பழைய கணினியைச் சிறு செலவிற் புதுப்பிக்க எண்ணுவோரை நோக்கிய அவ்வட்டை பழைய பலகையிலேயே மிகத் தளர்ந்தமை விந்தை.

றாம் எனப்படும் முதன்மை நினைவகம் தொடர்பாகவும் இத்தகைய மயக்கங்கள் உள. அதன் ஒவ்வொரு சிற்றறையும் ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் கொண்டது. றொபேட் டெனாட் என்பார் வகுத்த அவ்வமைப்புக்கு 1968 இல் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இன்று வழங்கும் பெரும்பாலான மேசைக் கணினிகளில் நினைவகத்துக்கு இரு வாய்க்கால்கள் உண்டு. டீ.டீ.ஆர். 4 3200 வகையில் வாய்க்கால் ஒன்று செக்கனுக்கு 25.6 கிகாபைற்றைத் தரும். 16 கிகாபைற்றை ஒரே தகடாக வாங்குவோர் ஒரு வாய்க்காலையே பயன்படுத்துவர். 8 கிகாபைற்றுத் தகடு இரண்டாக வாங்கி உரிய துளைகளிற் பொருத்துவோர் இரண்டையும் பெறுவர். செயலியினுள் அமைந்த வரைவியற் பகுதி இந்நினைவகத்தையே கடன்கொள்ளுதலால், தனி அட்டையில்லாக் கணினியில் இவ்வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

தகட்டின்மேற் பொறித்த சுணக்க எண்ணும் பலரை மருட்டுகின்றது. 3200 வகையில் 16 எனவும், 6000 வகையில் 30 எனவும் காண்போர் பின்னதை மந்தமானதெனக் கருதுவர். அவ்வெண் கடிகாரத் துடிப்புக்களின் தொகையேயன்றிக் காலமன்று. காலமாக மாற்றின் இரண்டும் 10 நனோ செக்கனே. 6000 எனப் பொறித்த தகடு தானாகவே அவ்விரைவில் இயங்கிவிடாது. பலகையின் தொடக்க அமைப்புக்குட் சென்று அதற்குரிய நிலையைத் தெரிந்துவிடல் வேண்டும். நான்காம் ஐந்தாம் வகைத் தகடுகள் இரண்டிலும் 288 தொடுவாய்கள் உளவாயினும் வெட்டின் இடம் வேறு. ஒன்றன் துளையில் மற்றது புகாது.

சேமிப்பகத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒருமுறை சுழல 8.3 மில்லி செக்கன் செல்லும். தேடும் தரவு ஊசிமுனைக்கு வரச் சராசரி அதிற் பாதியேனும் காத்தல் வேண்டும். திண்மநிலைச் சேமிப்பகத்திற் சுழல்வது யாதுமில்லை. பழங்கணினி உடையோர் அட்டைக்கும் செயலிக்கும் முன் மாற்றவேண்டியது இதுவே.

எல்லாவற்றினும் புறக்கணிக்கப்படுவது மின்வழங்கி. அது படத்தை அழகாக்குவதில்லை. ஆதலாற் பணம் போதாதவிடத்து முதலிற் குறைக்கப்படுவது அதுவாகின்றது. ஆயின் அது பழுதுறின் பிறவற்றையும் உடன்கொண்டு அழியலாம். தாய்ப்பலகையின் துளை அட்டைக்கு 75 வாற்று வரையே வழங்கும். எட்டூசி வடம் ஒன்று 150 வாற்று வழங்கும். பேரட்டைகள் தம் குறித்த அளவைக் கணப்பொழுதுக்கு வெகுவாக மீறி இழுத்தலும் உண்டு. 2022 இல் வகுத்த ஏ.ரீ.எக்ஸ். 3.0 விதி இதனைக் கருத்திற்கொண்டே அமைந்தது. 80 பிளஸ் என்னும் முத்திரை மின் சிக்கனத்துக்குச் சான்றேயன்றிக் காப்புக்குச் சான்றன்று. அதே ஆண்டில் வந்த ஆர்.ரீ.எக்ஸ். 4090 அட்டைகள் சிலவற்றில் மின்னிணைப்பி உருகியது. அது முற்றாக உட்செருகப்படாமை ஒரு காரணமென என்விடியா கூறிற்று. அவ்விணைப்பி ஏற்கும் 600 வாற்றை 12 வோல்ற்றிற் செலுத்தும்போது 50 அம்பியர் மின்னோட்டம் ஆறு சிறு ஊசிகளூடே பாய்கின்றது.