"எனக்கு ஏறாது" என்பது பெருமையா? - பரம்பரை, மன அழுத்தம், குடிநோய்

அடக்கச் சடங்கு முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். இறந்தவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. குடியால் கல்லீரல் கெட்டுத்தான் போனார் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய மூத்த மகன் என்னோடு நடந்து வந்தான். "சாமி, எங்க தாத்தாவும் இப்படித்தான் போனாரு. இப்போ அப்பா. நானும் இப்படித்தான் போவேனா?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் அவனே தன்னைத் தேற்றிக்கொண்டான்: "எனக்கு ஒண்ணும் ஆகாது சாமி. பசங்க ரெண்டு ரவுண்டுலயே தள்ளாடுவானுங்க. நான் ஸ்டெடியா வீட்டுக்கு வந்திருவேன்."

அவன் கேட்ட கேள்வி சரியானது. ஆனால் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஆறுதல் தவறானது, ஆபத்தானதும்கூட. ஏன் என்பதை மருத்துவ ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. இதே கேள்வி நம் பல குடும்பங்களில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் இருப்பதால் இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

குடிநோய் பரம்பரையாக வருமா?

"அப்பனைப் பார்த்துப் பிள்ளை கெட்டான்" என்று சொல்கிறோம். பார்த்துக் கெட்டானா, பிறப்பிலேயே ஏதாவது வந்ததா? இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. குடிநோயாளிக்குப் பிறந்து, பச்சிளம் பருவத்திலேயே வேறு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர்களை ஆராய்வதே அந்த வழி. அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் குட்வினும் அவருடைய குழுவினரும் டென்மார்க் நாட்டில் இதைச் செய்து 1973-இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்ற தகப்பனின் குடியைக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்த அந்த ஆண்களிடமும், மற்றத் தத்துப்பிள்ளைகளைவிட ஏறத்தாழ 4 மடங்கு குடிநோய் காணப்பட்டது. பின்னர் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளும் குடிநோய்க்கான ஆபத்தில் ஏறக்குறைய பாதி மரபணு வழியாக வருகிறது என்று காட்டின.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, "குடிக்கும் மரபணு" என்று தனியாக ஒன்று இல்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து செயல்படுகின்றன. இரண்டாவது, பாதிதான் மரபணு என்றால், மறுபாதி வீடு, நண்பர்கள், வாழ்க்கை, நமது தேர்வு ஆகியவற்றைச் சார்ந்தது. பிள்ளைக்கு வருவது நோயல்ல, நோய்க்கான வாய்ப்பு மட்டுமே.

உடலின் அபாயச் சங்கிலி

நமக்கு ஒரு நெருக்கடி வரும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது? மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு வேதிச் செய்தியை அனுப்புகிறது. அது பட்டாணி அளவேயுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி இரத்தத்தின் வழியாக இன்னொரு செய்தி அனுப்ப, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இதனால் இரத்தத்தில் சர்க்கரை கூடி, உடல் நெருக்கடியைச் சந்திக்கத் தயாராகிறது. போதுமான அளவு சுரந்ததும், அதே கார்ட்டிசால் மூளைக்குத் திரும்பிச் சென்று, "போதும், நிறுத்து" என்று தெரிவிக்கிறது. ஆக, முடுக்குவதும் தடுப்பதும் ஒரே ஏற்பாட்டுக்குள் இருக்கின்றன. மன அழுத்தம் உடலை எப்படிப் பாதிக்கிறது என்பதை கனடாவின் மான்ட்ரியால் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செலியே 1936-இல் எழுதிய ஆய்வுக்குறிப்பு இத்துறைக்கு வழிதிறந்தது.

மதுவும் இந்தச் சங்கிலியைத் தூண்டும். போதிய அளவு மது உள்ளே போனால் கார்ட்டிசால் உயர்கிறது. இங்கேதான் நம் இளைஞனின் "ஸ்டெடி" என்ற சொல்லுக்கு விளக்கம் கிடைக்கிறது.

"ஸ்டெடி"யாக இருப்பவனுக்கே ஆபத்து

அமெரிக்காவின் சான் டியாகோவில் மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவர், குடிநோய்க்கு ஆளாகாத, இருபது வயதை ஒட்டிய இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். ஒரு பிரிவினரின் தந்தையர் குடிநோயாளிகள், மறுபிரிவினரின் தந்தையர் அப்படி அல்லர். எல்லாருக்கும் உடல் எடைக்கு ஏற்ற அளவில் மது கொடுத்து, எவ்வளவு போதையை உணர்கிறார்கள், நிற்கும்போது எவ்வளவு ஆடுகிறார்கள், கார்ட்டிசால் எவ்வளவு உயர்கிறது என்று அளந்தார். இரத்தத்தில் மதுவின் அளவு ஒன்றாக இருந்தும், குடிநோயாளிகளின் மகன்களில் பலர் குறைவாகவே போதையை உணர்ந்தார்கள், குறைவாகவே தள்ளாடினார்கள். அவர்களுடைய கார்ட்டிசாலும் குறைவாகவே உயர்ந்தது.

ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களையே மறுபடியும் தேடிப்போய்ப் பார்த்தார். 1994-இல் வெளியான முடிவு இது: குடிநோயாளிகளின் மகன்களில், போதையைக் குறைவாக உணர்ந்தவர்களுள் 56 விழுக்காட்டினர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். போதையை நன்றாக உணர்ந்தவர்களுள் 14 விழுக்காட்டினரே ஆளாகியிருந்தார்கள்.

காரணம் எளிது. இரண்டு ரவுண்டில் தலை சுற்றுகிறவன் அத்தோடு நிறுத்திக்கொள்வான். அவனுடைய உடலே அவனுக்குக் காவல். எச்சரிக்கை மணி மெதுவாக அடிக்கும் உடலைக் கொண்டவனோ, மற்றவர்கள் பெறும் அதே போதைக்காக மேலும் மேலும் குடிப்பான். "எனக்கு ஏறாது" என்பது வலிமையின் அடையாளம் அல்ல. அது காவல்காரன் இல்லாத வீடு.

மன அழுத்தமும் சிறுவயதுக் காயமும்

மது இல்லாமலே, மேடையில் பேசுதல், மனக்கணக்குப் போடுதல் போன்ற சோதனைகளை வைத்தும் குடிநோயாளிகளின் பிள்ளைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். சில ஆய்வுகளில் அவர்களுடைய கார்ட்டிசால் வழக்கத்தைவிடக் குறைவாகவும், சிலவற்றில் கூடுதலாகவும் உயர்ந்தது. திசை எதுவானாலும், நெருக்கடியைச் சமாளிக்கும் ஏற்பாட்டின் சமநிலை பலரிடம் குடி தொடங்கும் முன்பே வேறுபட்டிருக்கிறது.

இதற்கு மரபணு மட்டும் காரணமல்ல. இரவில் தெருவில் கேட்கும் அப்பாவின் காலடி ஓசையை வைத்தே, இன்று அடியா அமைதியா என்று கணிக்கக் கற்றுக்கொண்ட குழந்தைகளை நாம் அறிவோம். தினமும் அபாயச் சங்கிலி இழுக்கப்படும் உடல் நாளடைவில் மாறிப்போகிறது. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், சிறுவயதில் நான்கோ அதற்கு மேலோ வகையான கொடுமைகளை அனுபவித்தவர்களுக்கு, குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. ஆகவே குடிக்கும் தந்தை பிள்ளைக்கு ஆபத்தை இரண்டு வழிகளில் கொடுக்கக்கூடும்: ஒன்று இரத்தத்தின் வழியாக, மற்றொன்று வீட்டின் வழியாக. முதல் வழியை அவர் மாற்ற முடியாது. இரண்டாம் வழியை இன்றே மாற்றலாம்.

"கவலையை மறக்கத்தான் குடிக்கிறேன்" என்பவருக்கும் ஒரு சொல். நீண்ட காலக் குடி இந்த அபாயச் சங்கிலியையே சீர்குலைக்கிறது. குடியை நிறுத்தும்போது கார்ட்டிசால் எகிறுகிறது, பதற்றமும் தூக்கமின்மையும் வாட்டுகின்றன. அந்தப் பதற்றத்தைத் தணிக்க மறுபடியும் குடி. கவலைக்கு மருந்தாக வந்தது, பிறகு தானே கவலையை உண்டாக்குகிறது.

என்ன செய்யலாம்?

1. குடும்பத்தில் குடிநோய் இருந்தால் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோய் பற்றிச் சொல்வதுபோல் இதையும் சொல்லலாம்.

2. முதல் குடியைத் தவிர்ப்பதே நல்லது. குறைந்தபட்சம் இளவயதில் தொடவே கூடாது. 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களுள் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையானார்கள். 20 வயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்கியவர்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரே அவ்வாறு ஆனார்கள்.

3. பல ஆண்டுகளாக நாள்தோறும் குடிப்பவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவ உதவியோடு நிறுத்த வேண்டும்.

4. தனியாகப் போராட வேண்டாம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் இன்று உலகெங்கும் இருக்கிறது. குடும்பத்தினருக்கு அல்-அனான் இருக்கிறது.

விதியல்ல

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1856-இல் பிறந்தவர் வணக்கத்துக்குரிய மாட் டால்பட். தந்தை பெருங்குடியர், சகோதரர்களுள் பெரும்பாலோரும் அப்படியே. இவரும் 12 வயதில் மதுக்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து குடிக்கத் தொடங்கினார். 1884-இல், 28-ஆம் வயதில், குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தார். எடுத்த எடுப்பில் ஆயுள் முழுமைக்கும் அல்ல, முதலில் 3 மாதங்களுக்கு மட்டுமே. பிறகுதான் வாழ்நாள் முழுவதற்கும் நீட்டித்தார். 1925-இல் திருப்பலிக்குப் போகும் வழியில் இறக்கும் வரை, 41 ஆண்டுகள் அவர் மதுவைத் தொடவில்லை. அவருடைய பரம்பரை மாறவில்லை, வாழ்க்கைதான் மாறியது.

தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் இறைவாக்கினர் நூலின் 18-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் அந்த மகனிடம் நான் இதைத்தான் சொன்னேன்: "தம்பி, அப்பா போன வழியில் நீயும் போக வேண்டும் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. ஆனால் மற்றவர்களைவிட உனக்கு அந்த வழி சறுக்கலானது. 'ஸ்டெடி' என்று நம்பி அதில் கால் வைக்காதே." அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு பங்குப் பணியகத்துக்கு வந்தான். "அன்னிக்கு எங்கிட்ட சொன்னதை இவனுக்கும் சொல்லுங்க சாமி" என்றான்.

உங்கள் வீட்டிலும் இதைக் கேட்க வேண்டிய ஒருவர் இருக்கலாம். இன்றே சொல்லுங்கள்.