பகைவருக்கான மன்றாட்டும் நீதியின் கேள்வியும்

புங்குடுதீவின் மடத்துவெளியிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர், தாம்போதியைக் கடந்து வேலணை, மண்கும்பான் ஊடாக அல்லைப்பிட்டியை அடைவர். அவ்வூரின் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் மக்கள் அடைக்கலம் புகுந்திருந்தவேளை, 2006 ஓகஸ்ட் 13 ஆம் திகதி எறிகணைகள் வீழ்ந்தன. குறைந்தது 15 பேர் உயிரிழந்ததாக அன்றைய அறிக்கைகள் கூறின. எஞ்சியோரை ஊர்காவற்றுறைக்கு அழைத்துச் சென்ற பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார், ஒரு வாரத்தின் பின்னர், ஓகஸ்ட் 20 ஆம் திகதி, உதவியாளர் ஒருவருடன் அல்லைப்பிட்டிக்குச் சென்றபோது காணாமற்போனார். அவ்விருவருக்கும் நேர்ந்தது என்னவென்பது இன்றுவரை வெளிப்படுத்தப்படவில்லை.

துன்புறுத்துவோருக்காக மன்றாடுமாறு இயேசு மலைப்பொழிவில் விடுத்த அழைப்பை, இத்தகைய துயரத்தின் நடுவே எவ்வாறு விளங்கிக்கொள்வது?

முதலில், அம்மன்றாட்டு பகைவன்மீது பாசம் கொள்வதன்று. அவனது செயலை ஏற்பதுமன்று. அவனது மனம் திரும்பவேண்டும், அவன் உண்மையைக் கூறவேண்டும் என்று இறைவனிடம் கேட்பதாகும். கோபத்தை மறைக்கவும் அது கட்டளையிடவில்லை. திருப்பாடல்களில் கண்ணீரும் ஆவேசமும் ஒளிவின்றி இறைவன் முன் வைக்கப்படுகின்றன. பழிவாங்கும் உரிமை மட்டுமே அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான், தம்மைக் கொன்றோருக்காக மன்றாடியவாறே உயிர்நீத்தார். அக்கொலைக்கு உடன்பட்டிருந்த சவுல், பின்னாளில் பவுல் ஆனார். ஸ்தேவானின் மன்றாட்டு இல்லையெனில் திருச்சபைக்குப் பவுல் கிடைத்திருக்கமாட்டார் எனப் புனித அகுஸ்தீனார் போதித்தார். பகைவனும் மாறக்கூடிய மனிதனே என்னும் நம்பிக்கையே இம்மன்றாட்டின் அடித்தளமாகும்.

ஆயினும், மன்னிப்பு நீதிக்கு மாற்றாகாது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களில் 250 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாக்கியோரை மன்னித்துவிட்டதாக 2020 உயிர்த்த ஞாயிறன்று கர்தினால் மல்கம் ரஞ்சித் அறிவித்தார். எனினும் உண்மையைக் கண்டறியும் கோரிக்கையை அவர் கைவிடவில்லை. 2022 இல் ஜெனீவாவிலும் அதனை எழுப்பினார். ஒடிசாவில் 1999 இல் கணவரையும் இரு புதல்வர்களையும் தீக்கிரையாக்கியோரை மன்னித்த கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் அம்மையாரும், சட்டத்தின் கடமை வேறு, தமது மன்னிப்பு வேறு என்றே கருதினார்.

இம்மன்றாட்டைப் பாதிக்கப்பட்டோரிடம் பிறர் கட்டாயமாகக் கோரவும் இயலாது. காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயிடம் 'மன்னித்து மறந்துவிடு' என்பது ஆன்மிகமன்று. அவரது கேள்வியை அடக்கும் முயற்சியே. மாறாக, அத்தாய் தாமாகவே முன்வந்து பகைவருக்காக மன்றாடும்போது, வெறுப்பு அவரது எஞ்சிய வாழ்வையும் விழுங்கிவிடாமல் தடுக்கப்படுகிறது. 'என் பிள்ளை எங்கே?' என்ற கேள்வியோ அதே வலிமையுடன் நிலைக்கிறது. அதற்கு விடையளிக்கும் கடமை அரசினுடையது.