கூரைக்கு யார் காப்புறுதி எடுத்தது?

லண்டன் ஈஸ்ட்ஹாமில், இரண்டாகப் பிரித்த பழைய வீடொன்றின் மேல்மாடியை வாங்கியிருக்கும் தம்பி ஒருவர் ஞாயிறு பின்னேரம் வந்திருந்தார். தேத்தண்ணியைக் கையில் கொடுத்ததுமே தொடங்கிவிட்டார். "அண்ணை, வாங்கி நாலு வருசம். பிரீஹோல்டரிட்ட இருந்து ஒரு பில்லும் வரேல்லை. நானே ஒன்லைனில ஒரு காப்புறுதி எடுத்து வைச்சிருக்கிறன். நாளைக்கு வீடு எரிஞ்சா அது காணுமோ?"

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிளாட் வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கட்டடம் அல்ல. 99, 125 என்று குறித்த ஆண்டுகளுக்கு அதில் இருக்கும் உரிமை. அதுதான் லீஸ். நிலமும் கட்டடமும் பிரீஹோல்டருடையவை. காப்புறுதி எடுப்பது யார் கடமை என்பதைச் சட்டம் பொதுவாகத் தீர்த்து வைக்கவில்லை. உங்கள் லீஸில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. பெரிய மாடிக் குடியிருப்புகளில் பிரீஹோல்டர் முழுக் கட்டடத்துக்கும் ஒரே பொலிசி எடுத்து, பிரீமியத்தைச் சேர்விஸ் சார்ஜோடு பிரித்து வாங்குவது வழக்கம். பிரித்த சிறு வீடுகளில்தான் சிக்கல். சில லீஸ்கள் மேல்வீட்டார் மேலுக்கும் கீழ்வீட்டார் கீழுக்கும் தனித்தனியே எடுக்கச் சொல்கின்றன.

எனக்குப் பயம் தருவது இந்த ஏற்பாடுதான். கீழ்வீட்டார் காப்புறுதி எடுக்காத நிலையில் இரண்டும் எரிந்தால், உங்கள் பொலிசி உங்கள் பகுதியைக் கட்டத்தான் பணம் தரும். கீழே சுவர் எழும்பாமல் மேல்மாடியை எதன்மேல் கட்டுவது? இப்படி ஓட்டையுள்ள லீஸைத் திருத்தித் தரும்படி தீர்ப்பாயத்திடம் கேட்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

அடுத்தது தொகை. பிளாட்டின் சந்தை விலை இங்கே கணக்கில்லை. இடிபாட்டை அகற்றி, முழுக் கட்டடத்தையும் திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பதே கணக்கு. 6 இலட்சம் பவுண் தேவைப்படும் கட்டடத்துக்கு 3 இலட்சத்துக்குத்தான் பொலிசி இருக்கிறது என்று வையுங்கள். முழுவதும் எரிந்தால்தான் குறையும் என்று நினைக்க வேண்டாம். 20,000 பவுண் தண்ணீர்ச் சேதத்துக்கும் கம்பனி 10,000 மட்டும் தரலாம். விகிதப்படி குறைக்கும் நிபந்தனை இவ்வகைப் பொலிசிகளில் சாதாரணம். கட்டுமானச் செலவு ஏறிக்கொண்டே போகும் நாட்டில், பழைய மதிப்பீட்டை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் புதுப்பிப்பது ஆபத்து.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. நல்லூர்த் திருவிழாவுக்கென்று போய் இரண்டு மாதம் நிற்பவர்கள், வீடு எத்தனை நாள் ஆளில்லாமல் இருக்கலாம் என்று பொலிசியில் பாருங்கள். 30 நாள், 60 நாள் என்று எல்லை வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் குழாய் வெடித்த சேதத்துக்குப் பணம் வராமல் போகலாம். நகை, தளபாடம், சேலை எதுவும் கட்டடக் காப்புறுதிக்குள் வராது. அவற்றுக்கு வேறு பொலிசி வேண்டும்.

பெரிய கட்டடங்களில் இருப்பவர்களின் துயரம் வேறு. 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்த பிறகு, உயர்ந்த கட்டடங்களின் பிரீமியம் பல இடங்களில் மடங்குமடங்காக ஏறியது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு கமிஷனாகத் தரகருக்கும், சில இடங்களில் நிர்வாக நிறுவனத்துக்கும் பிரீஹோல்டருக்கும் போய்க்கொண்டிருந்தது. பணம் கட்டியவருக்கு இதை அறிவதே கடினமாக இருந்தது. இது அநியாயம் என்றுதான் நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். 2023 டிசம்பர் 31 முதல் நிதி ஒழுங்காற்று ஆணையத்தின் புதிய விதிகள் காப்புறுதி நிறுவனங்களும் தரகர்களும் லீஸ்காரரின் நலனையும் கவனிக்க வேண்டும், கமிஷன் விவரத்தை அவர்களுக்கு எட்டச் செய்ய வேண்டும் என்கின்றன. ஆகவே கேளுங்கள். பிரீமியம் நியாயமற்றது என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கோபத்தில் சேர்விஸ் சார்ஜைக் கட்டாமல் மட்டும் விடாதீர்கள். லீஸையே பறிக்கும் வழக்குவரை அது போகக்கூடும்.

தம்பியின் லீஸைத் தொலைபேசியில் திறந்து, சிறிய எழுத்தில் தேடிப் பிடித்தோம். பிரீஹோல்டர் முழு வீட்டுக்கும் காப்புறுதி எடுக்க வேண்டும், இரு வீட்டாரும் பாதிப் பாதி கட்ட வேண்டும் என்று இருந்தது. "அப்ப என்ர பொலிசி வீணோ, அண்ணை?"

"இப்ப நிப்பாட்டாதையும். அவரும் எடுத்திருந்தா ரெண்டு தரம் காசு வராது, ரெண்டு கம்பனியும் பங்கு பிரிக்கும். அவர் எடுக்கேல்லை எண்டா உம்மட்ட இருக்கிறது இது ஒண்டுதான். முதல்ல எழுதிக் கேளும்."

காப்புறுதிச் செலவில் பங்கு கட்டக் கடமைப்பட்ட லீஸ்காரர் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி பொலிசியின் சுருக்கத்தை எழுத்தில் கேட்டால், 21 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணமின்றிக் கொடுக்காமல் விடுவது குற்றம். எந்தக் கம்பனி, எவ்வளவு தொகை, எந்தெந்த ஆபத்துகளுக்கு என்று கேட்டு எழுதினோம். பிரீஹோல்டரின் விலாசம் தம்பியிடம் இருக்கவில்லை. சிறு கட்டணத்துக்கு லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் எடுத்தோம். கடிதத்தின் பிரதியொன்றை அவர் மடித்துப் பையில் வைத்தார்.

கீழ்வீட்டில் இருப்பவரின் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றார். அவருக்கும் இதே லீஸ்தான் இருக்கும், இரண்டு கையெழுத்தோடு அனுப்புவோம் என்றேன். மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கீழ்வீட்டில் வெளிச்சம் அணைவதற்குள் கதவைத் தட்ட வேண்டும் என்று தம்பி எழுந்து போனார்.