கிளிஞ்சலைச் சுட்டால் சோப்பு

1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எப்படி என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கதையில் பதில் கிடையாது.

2017-ல் ஜப்பானில் தொடங்கிய ‘டாக்டர் ஸ்டோன்’ காமிக்ஸ் வேறு ரகம். மனித இனமே கல்லாகிப் போன பின், சுமார் 3,700 ஆண்டுகள் கழித்துக் கண்விழிக்கிறான் செங்கூ என்ற பையன். அவனிடம் மந்திரவாள் ஏதுமில்லை, படித்த வேதியியல்தான் இருக்கிறது. கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை வைத்துச் சாந்து, சோப்பு என்று செய்துகொண்டே போகிறான். இந்த வித்தையை நாமும் சரிபார்க்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

அவனைச் சித்தூர்ச் சீமையின் பிச்சாட்டூரில் இறக்கிவிட்டாலும் பிழைத்துக்கொள்வான். அங்குள்ள அணையைத் தாண்டி ஆரணியாற்றின் கரையோடு ஊத்துக்கோட்டை வழியாகக் கீழே இறங்கினால் பழவேற்காட்டுப் பக்கம். அங்கே கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை.

கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கரியும் கிளிஞ்சலும் மாற்றி மாற்றி அடுக்கி, சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். சுத்தமான சரக்கு 100 கிலோ போட்டால் மிஞ்சுவது 56 கிலோ. அதன்மேல் தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று சூடேறி, வெடித்து, மாவாக உதிரும்; அதுதான் நீற்றிய சுண்ணாம்பு. சூளை சரியாக வெந்ததா என்ற கவலையைக் காமிக்ஸ்காரர்கள் ஒரே கட்டத்தில் தாண்டிவிடுகிறார்கள். உண்மையில் பாதி வேலை அதுதான். கையில் எடுத்தால் கனம் குறைந்திருக்க வேண்டும். தண்ணீர் பட்டும் உதிராமல் கிடந்தால் உள்ளே இன்னும் வேகவில்லை.

சோப்புக்கு இன்னொரு சரக்கும் வேண்டும்: உவர்மண். வெள்ளாவி வைக்கிறவர்கள் துணிக்குப் போட்ட அதே மண்; அதில் சோடியம் கார்பனேட் உண்டு. மண்ணைக் கரைத்து வடித்த நீரில் நீற்றிய சுண்ணாம்பைக் கலக்கி வைத்தால், அடியில் வெள்ளையாக வண்டல் தங்கும். மேலே தெளிந்து நிற்பது காஸ்டிக் சோடாக் கரைசல். கைபட்டால் தோல் வெந்துபோகும், செங்கூவைப் பார்த்து வீட்டில் யாரும் இறங்கிவிட வேண்டாம்.

அந்தக் கரைசலோடு எண்ணெய் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு. சித்தூர்ச் சீமையில் தாராளமாகக் கிடைக்கிற கடலை எண்ணெயில் செய்தால் சற்றுக் கொழகொழவென்றுதான் வரும். நல்ல கட்டியாக வேண்டுமென்றால் தேங்காய் எண்ணெயும் சேர்க்க வேண்டும்.